சுருக்குப் பையும் முதல் ஒரு மணி நேரமும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் களப்பணியாளர்கள் சார்பில் ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாத உறுப்பினர்களுக்காகவும், குழுக் கூட்டங்களில் ஊக்குநர்கள் வாசித்துக் காட்டுவதற்காகவும் இங்கே தருகிறோம்.)



இன்னைக்கு சேமிப்பு, உள்கடன், வட்டி, தவணை எதையும் பேசப் போவதில்லை. நாம் எல்லாரும் கையில் வைத்திருக்கிற பையைப் பற்றிப் பேசப் போகிறோம். சிரிக்கிறீங்க. பையில பேச என்ன இருக்குன்னு நினைக்கிறீங்க. கொஞ்ச நேரம் கேளுங்க.

நம்ம பாட்டிமார்கள் இடுப்பில் சுருக்குப் பை செருகியிருப்பாங்க. அதில் என்ன இருக்கும்? வெற்றிலை, பாக்கு, கொஞ்சம் சில்லறை, ஒரு துண்டு சுக்கு, ஒரு சிட்டிகை ஓமம், பெட்டிச் சாவி, மடிச்ச திருநீறு. பிள்ளைக்கு வயிறு வலிச்சா ஓமம், தலை வலிச்சா சுக்கு, வழியில் காபித்தண்ணிக்குக் காசு. யாரிடமும் கை நீட்ட வேண்டியதில்லை. அந்தச் சின்னப் பைக்குள்ளே அவங்களுடைய தைரியம் இருந்தது. இன்று நம் கையில் அதைவிடப் பெரிய பை இருக்கிறது. உள்ளே பார்த்தால் பாஸ் புத்தகம், போன், பாதி தின்ற பன், பழைய பஸ் டிக்கெட் நாலு, அவ்வளவுதான்!

டவுனுக்குப் போகாமல் இன்று எந்தப் பெண்ணும் இல்லை. வேடசந்தூர், வடமதுரை, சாணார்பட்டி, நத்தம், ஆத்தூர், நிலக்கோட்டை, ரெட்டியார்சத்திரம் என்று எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் திண்டுக்கல் காமராஜர் பஸ் ஸ்டாண்டில்தான் இறங்குகிறோம். பேங்குக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்கு, திங்கட்கிழமை மனு கொடுக்கக் கலெக்டர் ஆபீசுக்கு, பூ மார்க்கெட்டுக்கு, பிள்ளையைக் காலேஜில் சேர்க்க. மில்லுக்கு ஷிப்டு போகிற பிள்ளைகள் தினமும் போகிறார்கள். 2021 மே மாதம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்த பிறகு போக்குவரத்து இன்னும் கூடிவிட்டது. நல்ல விஷயம்தான். ஆனால் அதோடு ஒரு பழக்கமும் வந்திருக்கிறது. "பஸ்ஸு ஃப்ரீதானே" என்று பத்து ரூபாய்கூட இல்லாமல் கிளம்பி விடுகிறோம். கடைசி டவுன் பஸ் போய்விட்டால் என்ன செய்வோம்? வெளியூர் வண்டிக்கும் தனியார் பஸ்ஸுக்கும் டிக்கெட் எடுத்தாக வேண்டும்.

டவுனில் ஒரு சங்கடம் வந்தால் உதவி வராமல் போகாது. போலீஸ் இருக்கு, ஆம்புலன்ஸ் இருக்கு, நம்ம குழு இருக்கு, சொந்தபந்தம் இருக்கு. ஆனால் அது வந்து சேர நேரம் ஆகும். அந்த நேரத்தை முதல் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு மணி நேரத்தை முன்பின் தெரியாத ஆளின் இரக்கத்தை நம்பிக் கழிக்கிறோமா, நம்ம பையில் இருப்பதை வைத்துச் சமாளிக்கிறோமா என்பதுதான் கேள்வி. இன்னைக்குப் பேச்சு இந்த ஒன்றைப் பற்றித்தான்.

ஜப்பான் நாட்டில் பல வீடுகளில் ஒரு அவசரப் பை தயாராக இருக்கும். 1923 செப்டம்பர் 1-ஆம் தேதி டோக்கியோ பக்கம் பெரிய பூகம்பம் வந்தது. அந்த நாளை இன்றைக்கும் பேரிடர் தடுப்பு நாளாக வைத்து, பையை எடுத்துச் சரிபார்க்கிறார்கள். டார்ச், விசில், தண்ணீர், மருந்து எல்லாம் அதில் இருக்கும். நமக்கு அவ்வளவு பெரிய பை வேண்டாம். கனமான பை வீட்டு ஆணியில்தான் தொங்கும். உள்ளங்கை அளவு பை போதும். கைப்பைக்குள் போட்டால் இருப்பதே தெரியக் கூடாது.

அதில் என்னென்ன வைக்கணும்? ஒவ்வொன்றாகச் சொல்கிறோம். எதற்கு என்று காரணத்தோடு சொல்கிறோம். காரணம் தெரிந்தால்தான் மறக்காது.

1. பெயர்ச் சீட்டு

இதுதான் முதல். மற்ற எதுவும் இல்லாவிட்டாலும் இது இருக்கணும்.

போன கோடையில் நம்ம பகுதிக் குழுவைச் சேர்ந்த ஒரு அக்கா பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்துவிட்டார்கள். சர்க்கரை வியாதிக்கு மாத்திரை போடுகிறவர். மனு கொடுக்கிற அவசரத்தில் காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் வந்திருக்கிறார். அங்கே பூக்கட்டி விற்கிற பெண்கள்தான் தண்ணீர் தெளித்து, 108-க்குச் சொல்லி அனுப்பினார்கள். ஆஸ்பத்திரியில் நன்றாகத்தான் பார்த்தார்கள். ஆனால் இவர் யார், எந்த ஊர், என்ன வியாதி, என்ன மாத்திரை என்று சொல்ல ஆள் இல்லை. போன் இருந்தது, அதைத் திறக்கிற எண் அந்த அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். வீட்டுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் சேதி போய்ச் சேர்ந்தபோது ராத்திரி எட்டு மணி. அதுவரை வீட்டில் அந்தப் பிள்ளைகள் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்க. அக்கா பிழைத்துக்கொண்டார்கள். ஒரு துண்டுச் சீட்டு இருந்திருந்தால் மத்தியானமே எல்லாரும் பக்கத்தில் நின்றிருப்பார்கள்.

ஒரு தபால் கார்டில் பாதி அளவு அட்டை எடுங்க. பெரிய எழுத்தில் எழுதுங்க. உங்கள் பெயர், ஊர், ஒன்றியம், குழுவின் பெயர். கூப்பிட வேண்டிய இரண்டு போன் எண்கள். ஒன்று வீட்டில், இன்னொன்று வேறு வீட்டில், அண்ணன் தம்பியோ ஊக்குநரோ. இரத்த வகை. சர்க்கரை, பிரஷர், வலிப்பு, ஆஸ்துமா எது இருந்தாலும் அது. தினமும் போடுகிற மாத்திரையின் பெயர், அளவு. எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பது. மழையில் நனையாமல் பிளாஸ்டிக் உறையில் போடுங்க. எழுத வராதவர்களுக்கு ஊக்குநர் எழுதித் தரணும்.

"போன்லதான் எல்லா நம்பரும் இருக்கே" என்று கேட்கலாம். போனில் சார்ஜ் இறங்கினால்? தண்ணீரில் விழுந்தால்? திருடு போனால்? 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி நம்ம மாவட்டம் வரைக்கும் வந்ததே, அப்போது மரம் சாய்ந்து கரண்ட் போய் எத்தனை பேர் போன் உயிரில்லாமல் கிடந்தது! அதனால் சீட்டு வேணும். அதோடு வீட்டில் ஒருவருடைய எண்ணை மனப்பாடமாகவும் வைத்துக்கொள்ளுங்க. பத்து எண்கள்தானே. கும்மிப் பாட்டு நூறு வரி தெரிந்த நமக்கு இது ஒரு பாரமா?

2. தொடாத பணம்

பணத்தை ஒரே இடத்தில் வைக்காதீங்க. செலவுக்கு வைத்திருப்பது பர்ஸில். திரும்பி வர பஸ் செலவும், ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவும், ஆட்டோவுக்குக் கொஞ்சமும் தனியாக மடித்து இந்தப் பைக்குள். இதற்குத் தொடாத பணம் என்று பெயர் வைத்திருக்கிறோம். தக்காளி விலை குறைந்திருக்கு என்று அதைத் தொடக் கூடாது. தொட்டால் மறுநாளே திரும்ப வைக்கணும், உள்கடன் மாதிரி!

முழு நூறு ரூபாய் நோட்டாக வைக்காமல் பத்தும் இருபதும் ஐம்பதுமாக வைங்க. ராத்திரி நேரத்தில் சில்லறை இல்லை என்று வண்டிக்காரரிடம் மல்லுக்கு நிற்க வேண்டியிருக்காது. பத்து ரூபாய்க் காசு சிலர் வாங்க மாட்டேன் என்கிறார்கள். வெளிவந்த 14 வடிவக் காசுகளும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-லேயே தெளிவாக அறிவித்துவிட்டது. தைரியமாகச் சொல்லுங்க.

ஏ.டி.எம். கார்டின் ரகசிய எண்ணைக் கார்டின் மேலேயோ, அதே பையில் துண்டுச் சீட்டிலேயோ எழுதி வைக்காதீங்க. பூட்டையும் சாவியையும் ஒரே ஆணியில் தொங்கவிட்ட மாதிரி ஆகும். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. பூட்டுக்குப் பேர்போன ஊர்க்காரர்களான நாம் இதில் ஏமாறலாமா?

3. அடையாள நகல்

ஆதார் அட்டையின் மூலத்தைத் தேவையில்லாமல் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். கேட்கிற நாளில் மட்டும் எடுத்துப் போங்க. மற்ற நாளில் ஒரு நகல் போதும். ரேஷன் கார்டு எண்ணையும், மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் அதன் எண்ணையும் அந்த நகலின் பின்னால் எழுதி வையுங்க.

இன்னொரு முக்கியமான சேதி. யாரிடமாவது நகல் கொடுக்கும்போது, அதன் மேலேயே "இன்ன காரியத்துக்காக மட்டும்" என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்துப் போடுங்க. வெறும் நகலைக் கொடுத்துவிட்டு வந்தால், நமக்கே தெரியாமல் நம்ம பெயரில் யாரோ கடன் வாங்க வழி ஆகிவிடும். கடன் வாங்காமலே கடன்காரி ஆக வேண்டாம்.

4. உப்புச் சர்க்கரைப் பொட்டலம்

ஓ.ஆர்.எஸ். என்று சொல்கிறோமே, அதுதான். நம்ம பக்கம் சித்திரை, வைகாசி வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெயிலில் அலைந்து வியர்த்துக் களைத்தாலும், வாந்தி பேதி ஆனாலும் உடம்பிலிருந்து தண்ணீரோடு உப்பும் போய்விடுகிறது. வெறும் தண்ணீர் குடித்தால் உப்பு திரும்பாது. சர்க்கரையும் உப்பும் சரியான அளவில் சேர்ந்திருந்தால்தான் குடல் தண்ணீரை வேகமாக உறிஞ்சும்.

இந்தப் பொட்டலத்தின் மகிமையைக் கேளுங்க. 1971-ல் வங்கதேசப் போரின்போது லட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்காளத்துக்கு வந்தார்கள். பொங்கான் என்கிற ஊர் முகாமில் காலரா. குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்துவிட்டது. டாக்டர் திலீப் மகலனாபிஸ் என்பவர் உப்பும் சர்க்கரையும் சோடா உப்பும் கலந்த தண்ணீரை டிரம்மில் நிரப்பி, கூட வந்த சொந்தக்காரர்களையே ஊட்டச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நூற்றுக்கு நாலுக்கும் கீழே இறங்கியது. படிக்காத தாய்மார்கள் கையால் ஊட்டிப் பிழைக்க வைத்தார்கள்.

பெரிய பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கலக்கணும். பாதி பொட்டலத்தை உத்தேசமாகச் சின்னப் பாட்டிலில் போடக் கூடாது. 200 மில்லிக்கென்று சின்னப் பொட்டலமும் கிடைக்கிறது. பைக்கு அதுதான் தோது. கலக்கியதை 24 மணி நேரத்துக்குள் குடித்துவிடணும். பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அவ்வளவுதான்.

கடையில் ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்டு இனிப்பு பானத்தை அட்டை டப்பாவில் விற்றார்கள். சர்க்கரை ஏராளம். பேதியான குழந்தைக்கு அது கேடு. ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருஷம் விடாமல் போராடினார். 2025 அக்டோபரில் அப்படிப்பட்ட பானங்களுக்கு அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. ஒரு பெண் விடாப்பிடியாக நின்றால் என்ன நடக்கும் பாருங்க! நீங்கள் மருந்துக் கடையில் பொட்டலமாகக் கேட்டு வாங்குங்க.

5. மாத்திரையும் ஒரு பிடி சர்க்கரையும்

தினமும் போடுகிற மாத்திரை இரண்டு நாளுக்கு உரியது, அதன் அட்டையோடு வெட்டி வையுங்க. அட்டையில் பெயரும் காலாவதித் தேதியும் தெரியணும். அடுத்தவர் மாத்திரையை வாங்கிப் போடவும் வேண்டாம், நம்முடையதைக் கொடுக்கவும் வேண்டாம்.

சர்க்கரை வியாதிக்கு மருந்து எடுப்பவர்கள் 3 டீஸ்பூன் சர்க்கரையையோ குளுக்கோஸையோ சின்னப் பொட்டலமாக மடித்து வைங்க. சாப்பாடு தள்ளிப்போய் திடீரென்று வேர்த்து, கை நடுங்கி, கண் மங்கி, பேச்சுக் குழறினால் அது சர்க்கரை குறைந்த அறிகுறி. உடனே அதை வாயில் போட்டுத் தண்ணீர் குடிங்க. கால் மணி நேரத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு தடவை. தெளிந்ததும் ஏதாவது சாப்பிடணும். ஆனால் நினைவில்லாமல் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்க.

6. சோப்புத் துண்டு

சோப்பு எதுக்கு என்று எல்லாக் குழுவிலும் கேட்டார்கள். நாய்க்கடிக்கு! தெருவில் நாய் கடித்தாலும் பிறாண்டினாலும் முதல் வைத்தியம் சோப்புதான். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் விடாமல் கழுவணும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி எதுவும் வைக்கக் கூடாது. கட்டுப் போடக் கூடாது. பிறகு நேராக அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஊசி இலவசம். எத்தனை தவணை சொல்கிறார்களோ அத்தனையும் போடணும். வெறிநாய்க்கடி நோய் வந்துவிட்டால் பிழைப்பது அரிது. வராமல் தடுப்பது மட்டும் நம்ம கையில்தான் இருக்கு.

7. நாப்கினும் பழைய பேப்பரும்

இதைப் பேச வெட்கப்பட வேண்டியதில்லை. இரண்டு நாப்கின், மடித்த பழைய செய்தித்தாள் ஒன்று. நமக்கு இல்லாவிட்டாலும் கூட வருகிற பெண்பிள்ளைக்கு ஆகும். பஸ் ஸ்டாண்டில் திடீரென்று தேவைப்பட்ட பிள்ளை கண்ணீரோடு நின்றதை நாங்கள் பார்த்திருக்கிறோம். நாலிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் மாற்றிவிடணும். பேப்பரில் சுற்றிக் குப்பைத் தொட்டியில் போடுங்க, கழிவறைக்குள் போடாதீங்க.

இன்னொன்று. டவுனில் கழிவறைக்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வருகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்? கை தூக்கச் சொன்னால் பாதிக் கூட்டம் தூக்கும். அடக்கி அடக்கி நீர்க்கடுப்பு வந்து மருந்துக்குக் கொடுப்பதைவிடக் கழிவறைக்குக் கொடுக்கச் சில்லறை வைத்துக்கொள்வது மலிவு.

8. ஊக்கு, விசில், கைக்குட்டை

ஊக்கு நாலு. சேலை கிழிந்தாலும் செருப்பு வார் அறுந்தாலும் அதுதான் கை கொடுக்கும். கூட்ட நெரிசலில் உரசுகிறவர்களுக்கும் அதுவே பதில் சொல்லும். (கைதட்டல்.)

விசில் ஒன்று. பயத்தில் தொண்டை அடைத்துப்போகும், சத்தம் வராது. விசில் ஊத மூச்சு மட்டும் போதும். தொடர்ந்து மூன்று தடவை விட்டு விட்டு ஊதினால் ஆபத்து என்று ஊரெல்லாம் புரியும்.

பெரிய பருத்திக் கைக்குட்டை ஒன்று. வெயிலுக்கு நனைத்துத் தலையில் போடலாம், காயத்தில் இரத்தம் வந்தால் வைத்து அழுத்திப் பிடிக்கலாம், புகைக்கு மூக்கைப் பொத்தலாம். புகை என்று ஏன் சொல்கிறோம் என்றால், 2024 டிசம்பர் 12-ஆம் தேதி ராத்திரி நம்ம திண்டுக்கல்லில் திருச்சி ரோட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தீப்பிடித்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். குறைந்தது 6 பேர் இறந்தார்கள். லிப்டுக்குள் மாட்டி மூச்சுத் திணறியவர்களும் அதில் உண்டு. அவர்கள் யாரும் தப்புச் செய்தவர்கள் இல்லை. அந்த இருட்டிலும் புகையிலும் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. அதனால் இப்போதே தெரிந்துகொள்வோம். எந்தப் பெரிய கட்டடத்துக்குள் போனாலும் மாடிப்படி எங்கே, இன்னொரு வாசல் எங்கே என்று முதலில் பாருங்க. தீ என்றால் லிப்டில் ஏறாதீங்க. ஈரத் துணியால் மூக்கைப் பொத்தி, குனிந்து தவழ்ந்து போங்க. புகை மேலே நிற்கும், கீழேதான் காற்று இருக்கும். போனில் இருக்கிற டார்ச்சை இருட்டில் தடவிப் போடத் தெரிந்திருக்கணும். தெரியாதவர்கள் இன்றைக்கே பிள்ளைகளிடம் கேட்டுப் பழகுங்க.

9. ஐந்து எண்கள்

பெயர்ச் சீட்டின் பின்பக்கம் இவற்றை எழுதுங்க. 112 - போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் எந்த அவசரத்துக்கும். 108 - ஆம்புலன்ஸ். 181 - பெண்களுக்கான உதவி. 1098 - குழந்தைகளுக்கு. 1930 - போன் வழியாகவோ பேங்க் கணக்கிலோ பணம் ஏமாந்தால். கடைசி எண்ணை உடனே கூப்பிடணும். நாளைக்குப் பார்க்கலாம் என்றால் பணம் பல கணக்குக்குத் தாவிவிடும்.

போலீஸ் புகார் பற்றி ஒரு வார்த்தை. "இது எங்க எல்லையில்லை, அந்த ஸ்டேஷனுக்குப் போ" என்று அலைய வேண்டியதில்லை. 2024 ஜூலை 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த புதிய சட்டப்படி கைது செய்யக்கூடிய குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம். பதிந்த முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கேட்டு வாங்கலாம்.

குழுக்களில் கேட்ட கேள்விகள்

"மிளகாய்ப் பொடி வச்சுக்கலாமா?" காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று யாருக்குத் தெரியும்? நம்ம கண்ணிலேயே விழுந்தால் ஓடவும் முடியாது. விசிலும் வெளிச்சமான இடமும் கூட்டமுள்ள கடையும்தான் நல்ல பாதுகாப்பு.

"சின்னக் கத்தி?" வேண்டாம். பிடுங்கினால் அது நம்ம மேலேயே திரும்பும்.

"வெளியே போறவளுக்கு எதுக்கு இத்தனைன்னு மாமியார் கேட்கிறாங்க." அவங்களையும் உட்கார வைத்து அவங்களுக்கும் ஒரு பை போடுங்க. சுருக்குப் பை அவங்க காலத்துச் சொத்துதானே. பாதிப் பொருள் அவங்களே சொல்வாங்க!

"எவ்வளவு செலவாகும்?" சோப்பு, துணி, ஊக்கு, பழைய பேப்பர் வீட்டிலேயே இருக்கு. மிச்சத்தைக் குழுவாகச் சேர்ந்து மொத்தமாக வாங்கினால் தலைக்கு ஒரு நாள் கூலிகூட ஆகாது. தையல் மெஷின் இருக்கிற உறுப்பினர்கள் சின்னாளப்பட்டிச் சேலையில் மிஞ்சிய துணியில் நாடா வைத்துப் பை தைக்கலாம். அவங்களுக்கும் ஒரு வருமானம்.

என்ன செய்யப் போகிறோம்?

கேட்டுவிட்டுப் போனால் போதாது. நம்ம குழுக்களில் எதுவும் தீர்மான நோட்டில் ஏறினால்தான் நடக்கும். அதனால் அடுத்த குழுக் கூட்டத்தில் இப்படித் தீர்மானம் எழுதும்படி கேட்டுக்கொள்கிறோம்.

ஒன்று: ஒரு மாதத்துக்குள் ஒவ்வொரு உறுப்பினரும் பையைத் தயார் செய்து கூட்டத்துக்குக் கொண்டு வர வேண்டும்.

இரண்டு: எழுதத் தெரியாத உறுப்பினர்களுக்கு ஊக்குநரும் பிரதிநிதிகளும் பெயர்ச் சீட்டு எழுதித் தந்து, எழுதியதை அவர்களுக்கு வாசித்தும் காட்ட வேண்டும்.

மூன்று: மூன்று மாதத்துக்கு ஒருமுறை பைகளைத் திறந்து மாத்திரை, ஓ.ஆர்.எஸ். காலாவதித் தேதியும் தொடாத பணமும் சரிபார்க்க வேண்டும். தொட்டவர் திரும்ப வைக்க வேண்டும்.

நான்கு: மில்லுக்கும் காலேஜுக்கும் போகிற பெண்பிள்ளை உள்ள வீடுகளில் பிள்ளைக்கும் ஒரு பை.

சகோதரிகளே, நாம் குழுவில் சேர்ந்தபோது எதற்காகச் சேர்ந்தோம்? அவசரத்துக்கு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி, தலைகுனிந்து நிற்கக் கூடாது என்றுதானே வாரம் பத்தும் இருபதும் சேர்த்தோம்? இந்தப் பையும் அதே சேமிப்புதான். பணத்தைப் பேங்கில் போட்டோம், இதை இடுப்பில் போடுகிறோம். நம்ம கலெக்டர் அலுவலக வளாகத்துக்கு வேலுநாச்சியார் பெயர் வைத்திருக்கிறார்கள். கணவரை இழந்து, நாட்டை இழந்து, நம்ம மாவட்டத்து விருப்பாட்சிப் பக்கம் வந்து தங்கி, வருஷக்கணக்கில் தயார் செய்துகொண்டு திரும்பிப் போய்ச் சீமையை மீட்டவர் அந்த அம்மா. அந்த வளாகத்துக்கு மனுவோடு போகிற நாம் வெறுங்கையோடு போகலாமா?

அடுத்த கூட்டத்தில் பையோடு சந்திப்போம். நாங்களும் எங்கள் பையைக் கொண்டு வருகிறோம். நீங்கள் திறந்து பார்க்கலாம்.